தேகாப்பியாசமும் திக்குவாயும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, சங்க இலக்கியம் பற்றியோ நாவலரின் வசனநடை பற்றியோ யாம் எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அப்பொருள்களை எழுத வல்லார் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் வகுப்பறையில் நாள்தோறும் ஆசிரியர் கண்முன் நிற்பது. யாம் ஒருமுறை பெரிதும் பிழைபட்டதும் அதிலேயே. திக்குவாய் உள்ள மாணவனுக்குத் தேகாப்பியாசம் மருந்தாகுமா என்பதே அது.

திக்குவாய் என நூல்வழக்கிற் கூறப்படுவதை எம்மூரார் கொன்னை என்பர். அது மூவகையாய் வெளிப்படும். சொல்லின் முதலொலி மீண்டும் மீண்டும் வருதல் ஒன்று. அவ்வொலி அளவிறந்து நீளுதல் ஒன்று. வாய் திறந்திருந்தும், உதடு குவிந்திருந்தும், ஒலியே எழாது அடைபட்டு நிற்றல் மற்றொன்று. இவற்றுள் மூன்றாவதே பேசுவானுக்குப் பெருந்துன்பம். கேட்போர் அதனை மௌனம் என்றெண்ணுவர். உள்ளே நிகழ்வது மௌனமன்று. சொல் இன்னதென்று அவன் அறிவான். அதன் பொருளை அறிவான். அதனை எழுதவும் வல்லன். வாயில் மட்டும் வழி அடைத்துக்கொள்கிறது. மழலை மாறாமையும், ரகர ழகரங்கள் திருந்தாமையும் வேறு குறைகள். அவற்றைத் திக்குவாயோடு கலந்து பேசுதல் தவறு.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வடமராட்சியில் யாம் அப்போது கற்பித்த பாடசாலையொன்றில், ஏழாந் தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டா. கடலோடு வாழும் குடும்பத்துப் பிள்ளை. தண்ணீரில் இறங்கினால் அவனோடு ஒப்ப நீந்த அவன் வயதினருள் எவருமிலர். இடாப்பு வாசிக்கும்போது எல்லாரும் 'உள்ளேன் ஐயா' என்பர். அவன் எழுந்து கையை உயர்த்துவான். புதிதாக வந்த எவரேனும் பெயரைக் கேட்டால் முகம் சிவந்து நிற்பான். பக்கத்திலிருப்பவன் அவனுக்காகப் பெயரைச் சொல்வான். திக்குவாயுடையார் பலருக்குத் தம் பெயரே மிகக் கடினமான சொல் என்பதை யாம் பின்னரே அறிந்தோம். ஏனைய சொற்களுக்கு மாற்றுச் சொல் உண்டு. தன் பெயருக்கு இல்லை.

மாற்றுச் சொல் என்றதும் எம் அறியாமை ஒன்று நினைவுக்கு வருகின்றது. கடல் என்னவேண்டிய இடத்து அவன் ஆழி என்பான். காற்றை வளி என்பான். பாம்பை அரவம் என்பான். ஒருநாள் கப்பலை வங்கம் என்றான். யாம் வியந்தோம். ஒருபொருட் பன்மொழி என்று யாம் கரும்பலகையில் எழுதியவற்றையெல்லாம் இப்பிள்ளை உள்ளத்திற் பதித்திருக்கிறானே என்று வகுப்பினர் முன் பாராட்டவுஞ் செய்தோம். ககரத்திலும் பகரத்திலும் தொடங்கும் சொற்களிலேயே அவன் வாய் அடைபட்டது. அச்சொற்களை விலக்கிச் செல்வதற்காகவே அவன் நிகண்டு கற்றான் என்பது எமக்குத் தோன்றவில்லை. தமிழறிவு என்று யாம் மகிழ்ந்தது ஒரு பிள்ளை தன் அச்சத்துக்குக் கட்டிய வேலியாகும்.

அவனுடைய குறையைத் தீர்க்கவேண்டும் என்ற எண்ணம் எமக்கு உண்மையாகவே இருந்தது. மூச்சுப் பலமின்மையே திக்குவாய்க்குக் காரணம். நெஞ்சு விரிந்தால் நாவும் விரியும் என்று எவரோ சொல்லக் கேட்டிருந்தோம். காலைப் பிரார்த்தனைக்கு முன் அவனை மைதானத்தை ஐந்து முறை சுற்றி ஓடச்செய்து, ஓடி வந்த சூட்டோடு உரைநடையிற் பக்கமொன்றை உரக்க வாசிக்கச் செய்தோம். மூன்று மாதம் இது நடந்தது. அவ்வாண்டு மெய்வல்லுநர் போட்டியில் நெடுந்தூர ஓட்டத்தில் அவனே முதல்வன். வாசிப்போ முன்னிலும் மோசமாயிற்று. மூச்சு வாங்குகையில் சொல் அடைபடும். அடைபட்ட சொல்லோடு மல்லுக்கட்டுகையில் மூச்சு மேலும் வாங்கும். பின்னர், தமிழ்ப் பாடமுள்ள நாள்களில் வயிற்றுவலி என்று வாராமல் நிற்கத் தொடங்கினான். ஒருநாள் அவன் தாயார் வந்தார். "அவனை ஓட விடுங்கோ சேர், வாசிக்க விடாதேங்கோ" என்றார். அவ்வளவே. பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற சான்றிதழைப் பெற்றிருந்த எமக்கு அன்று கிடைத்த பயிற்சி அதுவே.

அதன்பின் இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்து வந்தோம். முதலில் மூச்சைக் கூறுவோம். எம் பிழையின் வேர் அங்கேதான் இருந்தது.

பேச்சொலி மூச்சினாற் பிறக்கின்றது என்பதைத் தமிழிலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டது. தொல்காப்பியப் பிறப்பியல், கொப்பூழிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு கூடி வெவ்வேறு எழுத்தொலிகளாகும் முறையை எட்டிடம் வகுத்துக் காட்டுகிறது. நன்னூலார் வல்லினத்துக்கு நெஞ்சையும், மெல்லினத்துக்கு மூக்கையும், உயிருக்கும் இடையினத்துக்கும் மிடற்றையும் இடமாக்குவர். இவற்றை மாணவருக்குப் பல்லாண்டு கற்பித்தும், காற்று எவ்வளவு வேண்டும் என்ற வினாவை யாம் எழுப்பியதில்லை.

வேண்டுவது மிகச் சிறிதே. ஒரு குவளை நீரில் குழலொன்றை 5 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தி, குமிழி எழும் வரை மெல்ல ஊதிப் பாருங்கள். இயல்பாய்ப் பேசுவதற்குக் குரல்வளையின் கீழ் வேண்டிய அமுக்கம் ஏறத்தாழ அவ்வளவே. வளர்ந்த ஆடவனின் நுரையீரல் நான்கு, ஐந்து இலீற்றர் காற்றை உள்வாங்கி வெளிவிட வல்லது. வீட்டுத் திண்ணையில் இருந்து கதைப்பதற்கு அதிற் சிறு பங்கே போதும். ஐந்து வயதுக் குழந்தையும், எண்பது வயதுக் கிழவியும், இருமலால் மெலிந்த நோயாளியும் தடங்கலின்றிப் பேசுவதை யாம் காண்கிறோம். அவர்கள் நெஞ்சு விரிந்தா இருக்கிறது? ஆகவே மூச்சின் பலமின்மை திக்குவாய்க்குக் காரணமாதல் இயலாது.

பலத்தினும் வேண்டுவது ஒழுங்கு. நாம் வாளாவிருக்கும்போது மூச்சை இழுக்கும் நேரமும் விடும் நேரமும் பெரிதும் வேறுபடுவதில்லை. இழுத்தல் நாலு பங்கெனில் விடுதல் ஆறு பங்காகும். பேசும்போதோ சட்டென இழுத்து நெடிது விடுகிறோம். பத்தில் ஒரு பங்கே இழுப்பு, எஞ்சியது பேச்சு. நெஞ்சுக்கும் வயிற்றுக்குமிடையிலுள்ள பிரிமென்றகடும், விலாத் தசைகளும், குரல் நாண்களும், நாவும், உதடும் கண்ணிமைக்கும் பொழுதினுங் குறுகிய கால அளவில் ஒன்றன்பின் ஒன்றாய் இயங்கவேண்டும். இவ்வியக்கங்களைக் கோத்துக் கொடுப்பது மூளை. திக்குவாயில் தடுமாறுவது இக்கோவையே. சொல் அடைபடும் நேரத்தில் மூச்சும் தாறுமாறாவது உண்மைதான். அது தடையின் விளைவு, தடையின் காரணமன்று. தேர் நின்றதனால் வடம் தளர்ந்ததைக் கண்டு, வடம் தளர்ந்ததனாலேயே தேர் நின்றது என்பார் போல யாம் எண்ணிவிட்டோம்.

அப்படியாயின் காரணம் யாது? பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில், பிள்ளை சொற்களைக் கோத்து வாக்கியமாக்கும் பருவத்தில், இது தலைகாட்டுகிறது. நூறு பிள்ளைகளுள் ஐவர்க்கோ சற்றுக் கூடியோர்க்கோ ஏதோ ஒருகாலத்தில் இது தோன்றும். அவர்களுட் பெரும்பாலோர்க்குத் தானாகவே நீங்கிவிடும். எஞ்சுவோர் மக்கட்டொகையில் நூற்றுக்கொருவர் அளவினர். வளர்ந்தோருள் பெண் ஒருவர்க்கு ஆண் நால்வர் என்ற கணக்கில் ஆண்களே மிகுதி. குடும்பவழி இது தொடர்வதை எல்லாரும் அறிவர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் டிரெய்னாவும் அவர் குழுவினரும், பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்ததன் பயனாக, இதனோடு தொடர்புடைய பரம்பரை அலகுகள் சிலவற்றைக் கண்டு வெளியிட்டனர். அவை எல்லார்க்கும் காரணமாவன அல்ல. ஆயினும் இஃது உடலிற் பிறந்த வேறுபாடு என்பதற்கு அவை சான்றாயின. மூளையின் இடப்பாதியில், கேட்டலையும் பேச்சியக்கத்தையும் இணைக்கும் நரம்பு வழிகளிலே வேறுபாடு இருப்பதையும் படமெடுக்குங் கருவிகள் காட்டியுள்ளன.

இங்கே எம்மூர்க்குரிய ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. அம்மாணவனின் தாயார், தாம் கருவுற்றிருந்த காலத்தில் அருகே ஷெல் விழுந்த அதிர்ச்சியே மகனுக்குக் கொன்னையாயிற்று என்று நம்பியிருந்தார். போர்க்காலத்திற் பிறந்த பிள்ளைகள் பலரைப் பற்றி இக்குடாநாட்டில் இவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாள்களின் துயரத்தை எவர் குறைத்துக் கூறுவர்? தலையில் காயம் பட்டோர்க்கும், பாரிசவாதம் கண்டோர்க்கும் பிற்காலத்திற் பேச்சுத் திக்குவதுண்டு; பேரதிர்ச்சியின் பின் வளர்ந்தோர் சிலர்க்குத் திடீரெனத் திக்குவதும் அரிதாக உண்டு. ஆனால் மழலைப் பருவத்தில் மெல்லத் தொடங்கும் வழக்கமான திக்குவாய்க்கு அச்சம் காரணமன்று என்பதே ஆய்ந்தோர் முடிபு. அத்தாயாரிடம் மேலும் உசாவியபோது, பையனின் தாய்மாமனுக்கும் கொன்னை இருந்தது என்பது வெளியாயிற்று. மாமன் பிறந்த காலத்தில் இங்கு ஷெல் விழவில்லை. இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். தம்மாலேதான் பிள்ளைக்கு இவ்வாறாயிற்று என்ற பாரத்தை அத்தனை ஆண்டும் சுமந்திருந்தார் போலும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். உடற்பயிற்சியாற் பேச்சைத் திருத்தினார் என்று உலகம் முழுதும் எடுத்துக்காட்டப்படுபவர் கிரேக்க நாட்டுச் சொற்பொழிவாளராகிய தெமொஸ்தெனிஸ். கி. மு. நாலாம் நூற்றாண்டினர். வாயிற் கூழாங்கற்களை அடக்கிப் பேசினார் என்றும், மேட்டில் ஓடி ஏறும்போதே செய்யுள்களையும் சொற்பொழிவுகளையும் ஒரே மூச்சிற் கூறிப் பழகினார் என்றும் புளூட்டாக் எழுதி வைத்தார். எம் ஐந்து சுற்று ஓட்டத்துக்கு மூலபுருடர் இவரே. ஆனால் புளூட்டாக்கின் கூற்றை உற்று நோக்கின், அவர்பால் இருந்தனவாகக் கூறப்படுவன தெளிவின்மையும், மழலைத்தன்மையும், மெலிந்த குரலும், குறுகிய மூச்சுமே. அது திக்குவாய்தானா என்பதே ஐயத்துக்குரியது. மேலும் புளூட்டாக் வாழ்ந்தது நானூறு ஆண்டுகள் கழித்து. கூழாங்கல்லை வாயிலிடுமாறு எப்பிள்ளைக்கும் எவரும் கூறாதிருப்பாராக. தொண்டையில் இறங்கினால் உயிருக்கே மோசம்.

கல்லினுங் கொடியதும் நடந்ததுண்டு. 1841ஆம் ஆண்டில் டிஃபன்பாக் என்னும் ஜேர்மனிய அறுவை மருத்துவர், நாவே குற்றவாளி என்றெண்ணி, திக்குவாயர் நாவின் அடியில் ஆப்பு வடிவாய்த் தசையை அறுத்தெடுத்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது! அச்சிகிச்சை விரைவிற் கைவிடப்பட்டது.

எம் நாட்டாருக்கு நன்கு தெரிந்த ஒருவர் ஆறாம் ஜோர்ஜ் மன்னர். 1948 முதல் 1952இல் இறக்கும் வரை அவர் சுதந்திர இலங்கைக்கும் முடிமன்னராயிருந்தார். இளமையில் யோர்க்குக் கோமகனாயிருந்தபோது, 1925 ஒக்டோபர் 31ஆந் தேதி வெம்பிளிப் பொருட்காட்சியின் நிறைவு விழாவில் பேச எழுந்து பெரிதும் இடர்ப்பட்டார். இவர் உடற்பயிற்சி இல்லாதவரா? 1926ஆம் ஆண்டு விம்பிள்டன் பந்தயத்தில் இரட்டையர் ஆட்டத்தில் இடக்கையால் ஆடிய தெனிஸ் வீரர் அவர். அதே ஆண்டில் லயனல் லோக் என்னும் அவுஸ்திரேலியரிடம் சென்று மூச்சுப் பயிற்சியும் சொற்பயிற்சியும் நாள்தோறும் பெற்றார். 1927 மே மாதத்தில் கன்பராவிற் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்துச் செவ்வனே பேசினார். லோக் கொடுத்த பயிற்சியில் மூச்சுக்கு இடமிருந்தது. அதனினும் மிகுந்த இடம், நகையாடாது கேட்டிருக்கும் ஒரு மனிதனின் முன் பல மணிநேரம் பேசிப் பழகியதற்கு இருந்தது என்பது எம் கருத்து. மன்னர் முற்றும் நலமடைந்தார் என்றுஞ் சொல்லுதற்கில்லை. அவர் பேச்சில் இடையிடையே நின்ற நிறுத்தங்களை வானொலி கேட்ட உலகம் அறியும்.

இவற்றினும் எம் வினாவுக்கு நேரான விடை ஓர் அமெரிக்க விளையாட்டு வீரர் வாழ்வில் உண்டு. பொப் லவ் என்பவர் சிக்காக்கோ புல்ஸ் கூடைப்பந்தாட்டக் குழுவில் 1968 முதல் 1976 வரை ஆடிப் பெரும்புகழ் பெற்றவர். உடலுறுதிக்கு அவரினும் மேலான சான்று வேண்டுமா? ஆயினும் அவர் திக்குவாய் ஓர் அணுவும் குறையவில்லை. ஆட்டம் முடிந்தபின் பத்திரிகையாளர் அவரிடம் வாரார். பேச வராதவரிடம் என்ன கேட்பது? முதுகு நோயால் ஆட்டத்தை விட்டபின் தக்க வேலை எதுவும் கிடையாது, சியாற்றில் நகரத்துக் கடையொன்றின் உணவுச்சாலையில் கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். அக்கடையின் உரிமையாளரே, பேச்சுச் சிகிச்சைக்கான செலவைத் தாம் ஏற்பதாகக் கூறினார். நாற்பது வயதைக் கடந்தபின் முறையாகச் சிகிச்சை பெற்று, தம் பழைய குழுவின் சார்பிற் பள்ளிகள்தோறும் சென்று சொற்பொழிவாற்றும் பதவியை ஏற்றார். 2024 நவெம்பரில் மறையும்போது ஆட்டத்துக்கும் பேச்சுக்குமாக இருமுறை புகழ்பெற்றவராய் மறைந்தார். இருபது ஆண்டு விளையாட்டுச் செய்யாததைச் சில ஆண்டுப் பேச்சுப் பயிற்சி செய்தது. மாணவர் நன்கறிந்த இந்தி நடிகர் ஹிருத்திக் ரோஷனும், உடற்கட்டாலும் நடனத்தாலும் பெயர்பெற்ற பின்னும், பேச்சுப் பயிற்சியைத் தனியே செய்து வந்ததாகத் தாமே கூறியுள்ளார்.

ஆயினும், உடல் அசைவுக்கும் நாவுக்கும் ஒருதொடர்பும் இல்லையா என்று கேட்பின், உண்டு. அது தாளத்தின் வழியே வருவது. எம் மாணவன் காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடும்போது ஓர் எழுத்தும் தடைப்படவில்லை. பண்ணோடு பாடும்போதும், பலரோடு ஒரே குரலிற் சேர்ந்து கூறும்போதும், தாளத்துக்கு ஒவ்வோர் அசையாய் நிறுத்திச் சொல்லும்போதும் திக்குவாயர் பெரும்பாலோர்க்குத் தடை நீங்கிவிடுகிறது. காலடிக்கு ஒரு சொல்லாய் நடந்துகொண்டு பேசினாலும், கையை வீசிக்கொண்டு பேசினாலும் அவ்வாறே சிறிதுகாலம் நன்மை தெரியும். இதைக் கண்டே பலர் உடற்பயிற்சியாற் குணமாயிற்று என்று மகிழ்ந்து போகின்றனர்.

அம்மகிழ்ச்சி நீடிப்பதில்லை. கைவீச்சு பழக்கமானதும் அதன் ஆற்றல் போய்விடும், திக்கு மீளும், வீச்சோ போகாது. பின்னர், ஒரு சொல்லைச் சொல்லத் தொடையில் தட்டவேண்டும், தலையை வெட்டவேண்டும், கண்ணை இறுக மூடவேண்டும் என்றாகி, ஒரு குறை இரண்டாகும். திக்குவாயர் பலரிடம் நாம் காணும் முகச்சுளிப்பும் கால் தட்டலும் இவ்வாறு ஒருகாலத்தில் மருந்தாயிருந்து பின் நோயானவையே. உடற்பயிற்சி ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

எனின், திக்குவாயுள்ள பிள்ளைக்கு விளையாட்டால் ஒரு பயனும் இல்லையோ? மிக உண்டு. ஆனால் அதை மருந்தென்று கொடுக்கும்போது பயன் கெடுகிறது. ஓட்டமும் நீச்சலும் நல்லுறக்கத்தைத் தரும். மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்கும். பதற்றம் திக்குவாயை உண்டாக்குவதன்று, உள்ளதை மிகுவிப்பது. உறங்காத இரவின் மறுநாள், சோதனை நாள், அதிபர் வகுப்புக்கு வரும் நாள் ஆகியவற்றிற் பேச்சு மிக அடைபடுவதை ஆசிரியர் எவரும் காணலாம். நீந்துவோன் தலையை நீருள் வைத்து மெல்ல நெடிது மூச்சுவிடப் பழகுகிறான். தசையை இறுக்கினால் அமிழ்வோம், தளர்த்தினால் மிதப்போம் என்பதையும் அவன் உடல் அறிகிறது. பேச்சுச் சிகிச்சையாளர் கற்பிக்கும் பயிற்சிகளுள், மூச்சை மெல்ல விட்டு, உதட்டையும் மிடற்றையும் இறுக்காமற் சொல்லைத் தொடங்கும் பயிற்சியும் ஒன்று. இறுக்கம் இன்னது, தளர்வு இன்னது என்று உடலால் அறிந்த பிள்ளைக்கு அதனை விளங்கிக்கொள்ளுதல் எளிதாகலாம். இதற்குமேல் யாம் கூறத் துணியோம்.

இவற்றினும் பெரிய பயன் ஒன்றுண்டு. வகுப்பறையிற் பேச்சு ஒன்றே ஒருவனுடைய மதிப்பை அளக்கும் கோலாயிருக்கிறது. மைதானத்தில் அவ்வாறன்று. எம்மூர்க் கடற்கரையைப் பாருங்கள். தைப்பொங்கல் நாளில் விதவிதமான பட்டங்கள் ஏறும்போது, பட்டத்தைக் கட்டியவன் எவ்வாறு கதைப்பான் என்று எவர் கேட்கிறார்? 1954ஆம் ஆண்டில் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் எம்மூரவராகிய ஆழிக்குமரன் ஆனந்தன் இக்கரையிலிருந்து அக்கரை சென்று மீண்டும் இக்கரை வந்தார். 51 மணிநேரம் நீரிற் கிடந்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று அதிலேயே உயிர் நீத்தார். அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த எம் மாணவனுக்கு, நீருக்குள் நாவு வேண்டியதில்லை என்பது பெரும் ஆறுதலாயிருந்திருக்கும். அவ்விடத்தையும் யாம் மருந்துச்சாலையாக்கிவிட்டோம். ஓட்டத்தின் முடிவில் வாசிப்பு வைத்ததால், அவன் தலைநிமிர்ந்து நின்ற ஒரே நிலத்திலும் அவன் குறையைக் கொண்டுபோய் நட்டுவிட்டோம். எம் பிழையின் உண்மை வடிவம் இதுவே என்று இப்போது காண்கிறோம்.

பெரியோர் நடத்தும் விதம் பிள்ளையின் பேச்சை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1939இல் அமெரிக்காவின் அயோவாவில் நடந்த ஒரு பரிசோதனையும் சான்று. அநாதைப் பிள்ளைகள் 22 பேரை எடுத்து, அவர்களுள் ஒரு சாராரை, நன்றாகப் பேசினோரையுங்கூட, 'நீ திக்குகிறாய், கவனி, நிறுத்து' என்று திருத்திக்கொண்டே இருந்தனர். நன்றாகப் பேசிய பிள்ளைகள் திக்குவாயர் ஆகிவிடவில்லை. ஆனால் அவர்களுட் சிலர் பேசுவதற்கே கூசி ஒடுங்கினர். அப்பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டில் இதற்காக மன்னிப்புக் கேட்டது. எத்தனை வகுப்பறைகளில் இப்பரிசோதனை நாள்தோறும் நடக்கிறதோ!

இப்போது யாம் வகுப்பிற் செய்வன சில. திக்கும் பிள்ளை பேசும்போது வாக்கியத்தை நாம் முடித்துக்கொடுப்பதில்லை. 'ஆறுதலாய்ச் சொல்', 'மூச்சை இழுத்துச் சொல்' என்ற அறிவுரைகளும் இல்லை. அவை அன்பாற் சொல்லப்படினும், நீ பிழையாகப் பேசுகிறாய் என்ற ஒரே பொருளைத்தான் தருகின்றன. இடாப்புக்குக் கையை உயர்த்தினாலும் போதும் என்பது எல்லார்க்கும் பொதுவிதி. ஒருவனுக்கு மட்டும் விதித்தால் அதுவே சுட்டுவிரலாகிவிடும். வாசிக்க விரும்பும் நாளை அவனே தனியே வந்து சொல்லலாம். இருவர் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும் முறையையும் வகுப்பு முழுதிற்கும் வைத்திருக்கிறோம். அதில் அவன் நாவு தானே வழிவிடுகிறது. பழிப்புக் காட்டுவோரிடத்து மட்டும் யாம் இன்னும் பழைய வாத்தியாரே.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சில மாதங்களாகத் தொடர்ந்து திக்குமாயின், தானே போகும் என்று காத்திராமல் வைத்தியசாலையிற் காட்டிப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புவித்தல் வேண்டும். அப்பருவத்துச் சிகிச்சையே மிகப் பயன் தருவது. சிட்னியில் உருவான ஒரு முறையில், சிகிச்சையாளரின் மேற்பார்வையின் கீழ்த் தாய்தந்தையரே வீட்டில், பிள்ளை தடங்கலின்றிப் பேசும்போது பாராட்டிப் பாராட்டி வழிப்படுத்துகின்றனர். றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சு, செவிப்புலத் துறையிற் பட்டதாரிகளை உருவாக்கி வருகிறது. தமிழ் பேசும் சிகிச்சையாளரின் தேவை பெரிது. இம்மலரைப் படிக்கும் உயர்தர மாணவர், மருத்துவம் பொறியியல் என்னும் இரண்டுக்கு அப்பாலும் ஒரு துறை உண்டென்று அறிவாராக.

வளர்ந்தபின்னும் திக்கு நீங்காதவர் பலர். நீங்காமலே பெருவாழ்வு வாழ்ந்தவரும் பலர். 1957இல் கேரளத்தின் முதலாவது முதலமைச்சரான ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு திக்கித் திக்கியே மக்களிடம் பேசினார். எப்போதும் இப்படித்தான் திக்குமா என்று ஒருவர் கேட்க, இல்லை, பேசும்போது மட்டுமே என்று அவர் விடைகூறியதாகச் சொல்வர்.

எம் மாணவன் இப்போது வெளிநாடொன்றில் கப்பற்றுறை வேலையில் இருக்கிறான். சென்ற முறை ஊருக்கு வந்தபோது வீதியில் எம்மைக் கண்டு நின்றான். பழைய சங்கதியை யாமே எடுத்து, அன்று செய்தது பிழை என்றோம். அவன் சிரித்தான். விடை சொல்லத் தொடங்கிய முதற் சொல் ககரத்தில் தொடங்குவது, அடைபட்டது. இம்முறை வேறு சொல் தேடாமல் அச்சொல்லோடேயே நின்றான். யாமும் நின்றோம். மணல் லொறியொன்று எம்மைக் கடந்து போயிற்று.

"கால் நல்லாய்த்தான் வந்தது, சேர்" என்றான்.